மோதுற மீட்டிங்க கெலண்டரே வேணாம்னு திருப்பி அனுப்ப வைக்கிறது எப்படி

ஒரே நேரத்துக்கு ரெண்டு மீட்டிங் இன்வைட் வந்தா நம்மாளுங்க என்ன பண்றாங்க? ரெண்டுக்கும் பதில் போடாம அப்பிடியே வச்சிருந்து, கடைசி அஞ்சு நிமிஷத்துல ஒன்னுல ஜொயின் பண்ணிட்டு, மத்ததுல இருக்கவங்களுக்கு "சொரி சேர், நெட் போயிடுச்சு"ன்னு வாட்ஸ்அப்ல போட்டுட்றாங்க. ஹட்டன், மஸ்கெலியா, பொகவந்தலாவ பக்கம் இருக்கவங்களுக்கு இந்த நெட் கதை ரொம்ப வசதி, மழைக்காலத்துல முக்காவாசி அது உண்மையாவும் இருக்கும், அதனால யாரும் கேள்வி கேக்க மாட்டாங்க. ஆனா மீட்டிங்க கூட்டினவருக்கு நம்ம வருவோமா மாட்டோமான்னு கடைசி வரைக்கும் தெரியாது, அவரு நம்மள நம்பி ஒரு நேரத்த வச்சிட்டு உக்காந்திருப்பாரு. மேல இருக்கவங்களுக்கு நேரா "முடியாது"ன்னு எழுதுறதுக்கு நமக்குக் கை வராது, அதுதான் உண்மையான சிக்கல். அந்த ஒரு வேலைய கெலண்டர்கிட்ட குடுத்துட்டா அது வெக்கப்படாம, நடுராத்திரி இன்வைட் வந்தாலும் பதில் அனுப்பிடும்.

அதுக்கு முன்னாடி ஒன்னு தெரிஞ்சுக்கணும். கெலண்டருக்கு நம்ம போட்டு வச்சது மட்டும்தான் தெரியும். கொழும்புல ஒரு கம்பெனில இருக்கவங்களுக்கு எல்லா மீட்டிங்கும் இன்வைட்டாத்தான் வரும், ஆனா நம்ம பக்கம் பாதி மீட்டிங் இன்வைட்டா வராது. பிரதேச செயலகத்துல கூட்டம்னா கடிதம் வரும், இல்லாட்டி முதல் நாள் சாயந்தரம் ஃபோன் வரும். தோட்டத்துத் தொரை வரச்சொன்னா கிளார்க் ஐயா கோல் எடுப்பாரு. கிராம சேவகர், ஸ்கூல் அபிவிருத்திக் குழு, கோயில் கமிட்டி எல்லாம் வாட்ஸ்அப் குரூப்ல ஒரு வொய்ஸ் மெசேஜ், அவ்வளவுதான். சூம் லிங்க் கூட வாட்ஸ்அப்ல சும்மா வந்து விழுந்தா கெலண்டர் அத பாக்காது. இதுல ஒன்னையும் கெலண்டர்ல போடாம, தானா முடியாதுன்னு பதில் போடற ஓட்டோமெட்டிக் டிக்லைன மட்டும் போட்டு வச்சா, செவ்வாய்க்கிழமை காலைல ஒன்னுமே இல்லன்னு அது நெனச்சுகிட்டு வர்றத எல்லாம் விட்டுடும். அதனால இன்வைட்டா வராத கூட்டம் எதுவா இருந்தாலும் ஃபோன வச்ச உடனேயே கெலண்டர்ல போட்டுட்ற பழக்கம் வேணும், அது இல்லாதவங்களுக்குக் கீழ சொல்றது எதுவும் பெருசா உதவாது.

பயண நேரத்தையும் சேத்துப் போடுங்க. ஹட்டன்ல பத்து மணிக்குக் கூட்டம்னா மஸ்கெலியால இருந்து வர்றவருக்கு அது பத்து மணில தொடங்கறதில்ல, பஸ் ஏறுன நேரத்துலயே தொடங்கிடுது. கோச்சில கொழும்பு போறவங்க முழு நாளையும் போட்டுட்றது நல்லது, கோச்சிலயே இருந்து கோல் எடுக்கலாம்னு நெனச்சா சுரங்கத்துக்குள்ள போனதுமே கட்டாகி, அதுக்கப்புறமும் மலை இறங்கற வரைக்கும் கவரேஜ் வந்து வந்து போய்கிட்டிருக்கும்.

பிஸின்னு போட்டா மட்டும் டிக்லைன் ஆகாது

கூகுள் கெலண்டர்ல நிறையப் பேருக்கு மாட்டுற எடம் இதுதான். ஒரு சாதாரண ஈவென்ட் போட்டு அதுக்குப் பக்கத்துல "பிஸி"ன்னு வச்சிருந்தா, மத்தவங்க நம்ம கெலண்டர பாக்கும்போது அந்த நேரத்துல ஆள் இல்லன்னு தெரியும், அவ்வளவுதான், அந்த நேரத்துக்கு இன்வைட் அனுப்புறத அது தடுக்காது, வந்த இன்வைட்டத் திருப்பியும் அனுப்பாது. ரெண்டும் பக்கத்துல பக்கத்துல மெலிசா ரெண்டு பெட்டியா கெலண்டர்ல உக்காந்திருக்கும். தானா டிக்லைன் பண்ற வேலைய செய்றது ரெண்டே ரெண்டு வகை ஈவென்ட்தான், ஒன்னு "அவுட் ஒஃப் ஒஃபிஸ்", இன்னொன்னு "ஃபோகஸ் டைம்". இது ரெண்டும் ஒஃபிஸ் இல்லாட்டி ஸ்கூல், கெம்பஸ் குடுத்த கூகுள் அக்கவுண்ட்ல வர்ற வசதி, நம்ம சொந்தமா திறந்த சாதாரண ஜிமெயில்ல வராது. அதுலயும் ஃபோகஸ் டைம் எல்லா ஒஃபிஸ் பெக்கேஜ்லயும் இல்ல, உங்களுக்கு அந்தப் பேரு தெரியலைன்னா தேடிக்கிட்டு இருக்காம அவுட் ஒஃப் ஒஃபிஸயே பாவிங்க, வேலை நடக்கும்.

போடுற விதம் லேசு. லெப்டொப்ல கூகுள் கெலண்டர திறந்து, மீட்டிங் வரக்கூடாதுன்னு நெனைக்கிற நேரத்துல வெறும் எடத்த ஒரு தடவை கிளிக் பண்ணினா சின்னதா ஒரு பெட்டி வரும், அதுல மேல ஈவென்ட், டாஸ்க், அவுட் ஒஃப் ஒஃபிஸ்னு வரிசையா இருக்கும். அவுட் ஒஃப் ஒஃபிஸத் தெரிவு செஞ்சு, எந்த நேரத்துல இருந்து எந்த நேரம் வரைக்கும்னு குடுங்க. கீழ "ஓட்டோமெட்டிக்கலி டிக்லைன் மீட்டிங்ஸ்"னு ஒரு டிக் பெட்டி இருக்கும், அதுக்குள்ள ரெண்டு தெரிவு. ஒன்னு புதுசா வர்ற இன்வைட்ட மட்டும் டிக்லைன் பண்றது. மத்தது புதுசு, ஏற்கனவே இருக்கறது ரெண்டையும் டிக்லைன் பண்றது. இந்த ரெண்டாவது ஒன்னு கொஞ்சம் முரட்டு ஆளு, நீங்க போன வாரமே "யெஸ்" குடுத்து எல்லாரும் உங்கள எதிர்பார்த்துகிட்டு இருக்கற மீட்டிங்கையும் சேத்துத் தூக்கிப் போட்டுடும், போட்டதோட கூட்டினவருக்கு ஈமெயிலும் போயிடும். அப்புறம் அவசரமா அந்த அவுட் ஒஃப் ஒஃபிஸ அழிச்சாலும் அந்த மீட்டிங்குக்கெல்லாம் தானா திரும்ப "யெஸ்" போகாது, ஒன்னொன்னா போய் நீங்கதான் குடுக்கணும். அதனால வழமையா முதலாவதுலயே வைங்க. ரெண்டாவது பிரசவ லீவு, ஒப்பரேஷன், மாசக் கணக்குல வெளிநாட்டு ட்ரெயினிங் மாதிரி நேரத்துக்குத்தான் சரி.

அதுக்குக் கீழ ஒரு மெசேஜ் எழுத எடம் குடுத்திருப்பாங்க, அதப் பத்தி பின்னால தனியா சொல்றேன், ஏன்னா நம்ம ஊருல அதுதான் முக்கியம். சேவ் பண்ணிட்டா முடிஞ்சது. ஒவ்வொரு வாரமும் வர்றதுக்கு, உதாரணமா வியாழக்கிழமை முழுக்க டிவிஷனுக்குள்ள ஃபீல்ட் போறவங்க, அதே பெட்டில "டஸ் நொட் ரிப்பீட்"னு இருக்கறத மாத்தி வாரா வாரம்னு போட்டா ஒரே தடவைல வேலை முடியும். ஃபோன்ல இருக்கற கூகுள் கெலண்டர் அப்லயும் கூட்டல் அடையாளத்த அமத்துனா அவுட் ஒஃப் ஒஃபிஸ் வரும், பஸ்ல நிக்கும்போதே போட்டுடலாம். ஒன்னு மட்டும், இது உங்க பேருல இருக்கற முதல் கெலண்டர்லதான் வேலை செய்யும், நீங்க தனியா "வீட்டு வேலை"ன்னோ "ட்யூஷன்"னோ உருவாக்கி வச்சிருக்கற ரெண்டாவது கெலண்டர்ல இந்தத் தெரிவு வராது.

ஃபோகஸ் டைமும் கிட்டத்தட்ட அதே பெட்டிதான், வித்தியாசம் என்னன்னா அது நாம ஊருல இல்லன்னு சொல்லாது, மும்முரமா ஒரு வேலைல இருக்கேன்னு காட்டும், விரும்பினா கூகுள் செட்ல (Chat) மெசேஜ் வர்ற சத்தத்தையும் அந்த நேரத்துக்கு நிப்பாட்டி வைக்கும். ரிப்போர்ட் எழுதுற நாளைக்கு இது நல்லது. அவுட் ஒஃப் ஒஃபிஸ எதுக்கெடுத்தாலும் போட்டா கொழும்புல இருக்கவங்க "இந்த ஆளு எப்பவும் லீவுலதான்"னு பேச ஆரம்பிச்சிடுவாங்க, மலைநாட்டுல இருந்து வேலை செய்றவங்களப் பத்தி ஏற்கனவே அப்பிடி ஒரு பேச்சு இருக்கு, அதுக்கு நாமளே தீனி போடக்கூடாது.

அவுட்லுக் பாவிக்கறவங்களுக்கு

அவுட்லுக் வேற மாதிரி. விண்டோஸ் லெப்டொப்ல இன்ஸ்டோல் பண்ணி வச்சிருக்கற பழைய க்ளாசிக் அவுட்லுக்ல மோதுறதப் பாத்து தானா டிக்லைன் பண்ற வசதி நேராவே இருக்கு, எந்த விசேஷ ஈவென்ட்டும் தேவையில்ல. மேல ஃபைல், அதுக்குள்ள ஒப்ஷன்ஸ், இடது பக்கம் கெலண்டர், அதுல கீழ இறங்கிப் போனா "ஓட்டோமெட்டிக் எக்செப்ட் ஓர் டிக்லைன்"னு ஒரு பகுதி, அதுல இருக்கற பட்டன அமத்துனா சின்ன விண்டோ திறக்கும். மூனு டிக் பெட்டி இருக்கும். முதலாவது, வர்ற மீட்டிங்க எல்லாம் ஏத்துக்கிட்டு, கென்சல் ஆனத கெலண்டர்ல இருந்து எடுத்துடறது. ரெண்டாவதுதான் நம்ம தேடுறது, ஏற்கனவே இருக்கற வேலையோட மோதுற இன்வைட்ட டிக்லைன் பண்றது. மூனாவது, வாரா வாரம் மாசா மாசம்னு திரும்பத் திரும்ப வர்ற மீட்டிங் இன்வைட்ட டிக்லைன் பண்றது.

முதலாவதுல கவனமா இருங்க. அத டிக் பண்ணினா மோதாத எல்லா மீட்டிங்குக்கும் உங்கள ஒரு வார்த்தை கேக்காம "வர்றேன்"னு பதில் போயிடும், யாரோ தெரியாத ஒரு சேல்ஸ் ஆளு அனுப்பினாலும் அதே கதிதான். மூனாவதையும் தொடாதீங்க, வாராந்த டீம் மீட்டிங் ஒன்னு புதுசா தொடங்கினா அது மோதினாலும் மோதாட்டியும் நேரா வெளிய போயிடும், உங்க மெனேஜர் அத நீங்க வேணும்னே பண்ணினதா நெனப்பாரு. இந்த மொத்த விண்டோவும் என்னக் கேட்டா கூட்டத்துக்கு ஆள் அனுப்புற ஒஃபிஸ் பொது அக்கவுண்ட்டுக்குத்தான் பொருத்தம், தனி மனுஷனுக்கு கொஞ்சம் ஆபத்து.

தனி ஆளுக்கு நல்ல வழி அவுட்லுக்கோட ஓட்டோமெட்டிக் ரிப்ளைதான். வெப்ல திறக்கற அவுட்லுக்ல செட்டிங்ஸ்குள்ள போய் "ஓட்டோமெட்டிக் ரிப்ளைஸ்"னு தேடுங்க, அத ஒன் பண்ணி, குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும்னு தெரிவு செஞ்சு திகதியும் நேரமும் குடுத்தீங்கன்னா கீழ இன்னும் மூனு பெட்டி தெரியும். அந்தக் காலத்துக்கு என் கெலண்டர மூடு, அந்தக் காலத்துல நடக்கப்போற புது இன்வைட்ட தானா டிக்லைன் பண்ணு, ஏற்கனவே இருக்கற மீட்டிங்கையும் டிக்லைன் பண்ணி நான் கூட்டினத கென்சல் பண்ணு, இதுதான் மூனும். முதல் ரெண்டையும் டிக் பண்ணிட்டு மூனாவத விட்டுடுங்க, கூகுள்ல சொன்ன அதே காரணம்தான். டீம்ஸ்ல வர்ற மீட்டிங்குக்கு வேற எங்கயும் போய் எதுவும் மாத்தத் தேவையில்ல, டீம்ஸ் காட்டுறது அதே அவுட்லுக் கெலண்டரத்தான்.

ஒஃபிஸ்ல அவுட்லுக், சொந்த வேலைக்கு ஜிமெயில்னு ரெண்டு வச்சிருக்கவங்க இத மனசுல வைங்க, இது ஒன்னோட கெலண்டர் மத்ததுக்குத் தெரியாது. பிள்ளையோட ஸ்கூல் பேரண்ட்ஸ் மீட்டிங் ஜிமெயில்ல இருந்தா அவுட்லுக் அத மோதலா எடுக்காது. ஃபோன்ல ரெண்டும் ஒரே ஸ்க்ரீன்ல கலந்து தெரியறதால சேந்துடுச்சுன்னு நெனச்சிடுவோம், அது சும்மா பாக்கறதுக்குத்தான். ஒஃபிஸ் கெலண்டர்லயும் அந்த நேரத்துக்கு ஒரு பெட்டி போட்டு, தலைப்புல விசயத்த எழுதாம "வேற வேலை"ன்னு மட்டும் எழுதி, ப்ரைவேட்னு வச்சிட்டா போதும், வீட்டு விசயம் ஒஃபிஸ்ல யாருக்கும் தெரியத் தேவையில்லதானே.

சும்மா ஜிமெயில் மட்டும் வச்சிருக்கவங்க

ஃப்ரீலான்ஸ் செய்றவங்க, ஒன்லைன் ட்யூஷன் எடுக்கறவங்க முக்காவாசி சாதாரண ஜிமெயில்தான். அவங்களுக்கு மேல சொன்ன அவுட் ஒஃப் ஒஃபிஸ் இல்ல. ரெண்டு வழி இருக்கு.

லேசான வழி, செட்டிங்ஸ்ல "எட் இன்விடேஷன்ஸ் டு மை கெலண்டர்"னு இருக்கறத மாத்தறது. எல்லார்கிட்ட இருந்தும் வர்றது, தெரிஞ்சவங்க அனுப்பினா மட்டும், நான் ஈமெயில்ல பதில் போட்டா மட்டும்னு மூனு தெரிவு. கடைசியில வச்சீங்கன்னா நீங்க பாத்து பதில் போடற வரைக்கும் கெலண்டர்ல எதுவும் வந்து உக்காராது. இது டிக்லைன் இல்ல, அனுப்பினவருக்கு எந்தப் பதிலும் போகாது, ஆனா கெலண்டர் குப்பையாகாம இருக்கும், முன்னப்பின்ன தெரியாத எடத்துல இருந்து வர்ற பரிசு விழுந்திருக்குன்ற மாதிரி இன்வைட்டும் நின்னுடும்.

உண்மையாவே டிக்லைன் ஆகணும்னா கூகுள் அப்ஸ் ஸ்கிரிப்ட்னு ஒன்னு இருக்கு, காசு இல்ல, ஜிமெயில் இருக்க யாரும் பாவிக்கலாம். கோட் எழுதத் தெரிஞ்ச ஒரு தம்பியோ தங்கச்சியோ பக்கத்துல இருந்தா ஒரு பின்நேரத்துல முடிச்சுக் குடுப்பாங்க, அவங்ககிட்ட என்ன கேக்கணும்னு மட்டும் தெரிஞ்சா போதும். ஸ்கிரிப்ட் செய்ய வேண்டியது இதுதான்: கெலண்டர்ல ஏதாவது மாறினா தானா ஓடணும், வர்ற ரெண்டு வாரத்துல இருக்கற ஈவென்ட்ட எல்லாம் எடுக்கணும், அதுல நம்ம இன்னும் பதில் போடாத இன்வைட்ட மட்டும் பிரிக்கணும், அந்த நேரத்துல ஏற்கனவே யெஸ் குடுத்ததோ நம்மளே போட்டதோ வேற ஏதாவது இருந்தா அந்த இன்வைட்டுக்கு நோ குடுக்கணும்.

மோதுதான்னு பாக்கற கணக்குலதான் ஆளுங்க தவறுறாங்க. ஒன்னோட தொடக்கம் மத்ததோட முடிவுக்கு முன்னாடி இருக்கணும், மத்ததோட தொடக்கம் இதோட முடிவுக்கு முன்னாடி இருக்கணும், ரெண்டும் உண்மையா இருந்தாத்தான் மோதல். ரெண்டு மணில இருந்து மூனு மணிக்கு ஒன்னு, மூனுல இருந்து நாலுக்கு இன்னொன்னுன்னா அது மோதல் இல்ல, ஒட்டிகிட்டு இருக்கு அவ்வளவுதான். "முன்னாடி இல்லாட்டி அதே நேரம்"னு எழுதிட்டா ஒட்டி வர்றதையும் டிக்லைன் பண்ணிடும், ட்யூஷன் எடுக்கறவங்களுக்கு அப்புறம் ஒரு பிள்ளையும் மிஞ்சாது. முழு நாள் ஈவென்ட்ட கணக்குல சேக்காம விடச் சொல்லுங்க, இல்லாட்டி யாரோட பிறந்த நாள் இருந்தாலும் அன்னைக்கு வர்ற எல்லாம் போயிடும். அதே மாதிரி "ஃப்ரீ"ன்னு குறிச்சதையும் விடச் சொல்லணும். ஒஃபிஸ் அக்கவுண்ட்ல இந்த ஸ்கிரிப்ட போடறதா இருந்தா முதல்ல ஐடி ஆளுகிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்குங்க, சில எடங்கள்ல இத மூடி வச்சிருப்பாங்க.

போயா, தீபாவளி, அப்புறம் லண்டன் நேரம்

கெலண்டர்ல இலங்கை விடுமுறை நாள் எல்லாம் பச்சையா தெரியுதே, அதனால போயா அன்னைக்கு வர்ற மீட்டிங் தானா டிக்லைன் ஆகும்னு நெனச்சா அது நடக்காது. அந்த விடுமுறை கெலண்டர் சும்மா பாக்கறதுக்கு, அதுல இருக்கறது எல்லாம் முழு நாள் ஈவென்ட், ஃப்ரீன்னுதான் கணக்கு. நம்மளே போடற முழு நாள் ஈவென்ட்டும் கூகுள்லயும் அவுட்லுக்லயும் முதல்ல ஃப்ரீன்னுதான் வரும், பிஸின்னு கையால மாத்தணும். வெளிநாட்டு க்ளையண்டுக்கு போயான்னா என்னன்னே தெரியாது, பௌர்ணமிக்கு நாடே லீவுன்னு சொன்னா ஆச்சரியப்படுவாங்க. வருஷத் தொடக்கத்துல ஒரு மணித்தியாலம் உக்காந்து ஒவ்வொரு போயாவுக்கும் அவுட் ஒஃப் ஒஃபிஸ் போட்டுடுங்க. மாசா மாசம்னு ரிப்பீட் போட முடியாது, திகதி மாறிகிட்டே இருக்கும். தைப்பொங்கல், மகா சிவராத்திரி, தீபாவளி இதெல்லாம் அரசாங்க விடுமுறைல இருக்கு, ஆனா தோட்டத்துக் கோயில் திருவிழாவும் மாசில காமன் கூத்தும் எந்த விடுமுறை கெலண்டர்லயும் வராது. நீங்களே போட்டாத்தான் உண்டு, தேர் இழுக்கற நேரத்துல டீம்ஸ் கோல்ல நிக்கறது நல்லாவா இருக்கும்.

நேர வித்தியாசம் இன்னொரு கதை, அத இந்த ஓட்டோமெட்டிக் எதுவும் பிடிக்காது. நம்ம நாட்டுல வருஷம் முழுக்க ஒரே நேரம், உலக நேரத்துக்கு அஞ்சரை மணித்தியாலம் முன்னாடி. 2006 ஏப்ரல்லதான் ஆறு மணித்தியாலத்துல இருந்து இதுக்கு மாத்தினாங்க. ஆனா லண்டன்ல மார்ச் கடைசி ஞாயிறும் ஒக்டோபர் கடைசி ஞாயிறும் கடிகாரத்த மாத்துவாங்க. லண்டன் நேரம் காலைல 9.30க்கு வாரா வாரம் ஒரு மீட்டிங் வச்சிருந்தா அது அவங்க கோடைல நமக்கு பகல் 2.00 மணி, ஒக்டோபர் கடைசில இருந்து 3.00 மணி. ஏற்கனவே மூனு மணிக்குக் கொழும்பு டீமோட ஒரு கோல் இருந்தா அன்னைல இருந்து ரெண்டும் ஒன்னுமேல ஒன்னு. மெல்பர்ன்காரங்க இதுக்கு எதிர்ப்பக்கம், ஒக்டோபர் முதல் ஞாயிறும் ஏப்ரல் முதல் ஞாயிறும் மாத்துவாங்க, அவங்களோட பின்நேரம் 3.00 மணி நமக்கு ஒக்டோபர்ல 10.30ல இருந்து 9.30க்கு வந்துடும்.

புது இன்வைட் ஒன்னும் வரலதானே, நம்ம பழைய மீட்டிங்குக்கெல்லாம் எப்பவோ யெஸ் குடுத்தாச்சு, அதனால கெலண்டர் திரும்பிப் பாக்காது. ஒக்டோபர், மார்ச், ஏப்ரல் மாசங்கள்ல வாராந்த மீட்டிங்க எல்லாம் ஒரு தடவை கண்ணால பாத்துடறதுதான் ஒரே வழி. அப்பிடியே செட்டிங்ஸ்ல நேர வலயம் கொழும்புன்னு இருக்கான்னும் பாருங்க, விண்டோஸ்ல கொழும்புன்னு தேடினா கிடைக்காது, ஸ்ரீ ஜயவர்தனபுரன்னு இருக்கும்.

டிக்லைன் மெசேஜ் எழுதுறது

கூகுளே ஒரு வரி எழுதி வச்சிருக்கும், வெறும் ஒஃபிஸ்ல இல்ல, அதனால டிக்லைன்ன்ற மாதிரி. அத அப்பிடியே விட்டா நம்மாளுங்களுக்கு முகத்துல கதவ அடிச்சு சாத்தின மாதிரி இருக்கும். மாத்தி எழுதுங்க, மூனு விசயம் இருந்தா போதும்: இது தானா போற பதில், என்ன காரணம்னு ஒரு வார்த்தை, எப்ப முடியும். இப்பிடி:

"வணக்கம். இந்த நேரத்தில் களப் பயணத்தில் இருப்பதால் கெலண்டர் தானாகவே இந்தப் பதிலை அனுப்புகிறது. அன்று பிற்பகல் 2 மணிக்குப் பிறகோ மறுநாள் காலையோ எனக்கு வசதி. அவசரமென்றால் தொலைபேசியில் அழையுங்கள்."

கடைசி வரிய விட்டுடாதீங்க. மண்சரிவு எச்சரிக்கை வந்து அவசரமா கூடுற கூட்டத்தையும் மெஷின் அதே மாதிரிதான் திருப்பி அனுப்பும், அதுக்கு எது அவசரம்னு தெரியாது. சிங்கள ஆளுங்களும் இருக்கற ஒஃபிஸ்னா இங்கிலீஷ்ல ஒரு வரி, தமிழ்ல ஒரு வரி போடலாம், ரொம்ப நீளமா எழுதினா யாரும் வாசிக்கறதில்ல. எங்க போறோம், யாரப் பாக்கப் போறோம்னு எழுதாதீங்க, இந்த மெசேஜ் வெளி ஆளுங்களுக்கும் போகும்.

மேலதிகாரிக்கு மட்டும் டிக்லைன் போகாம இருக்க வழி இருக்கான்னு கேப்பாங்க. அவுட் ஒஃப் ஒஃபிஸ்ல அப்பிடி ஆளப் பாத்து விடற தெரிவு இல்ல. ஸ்கிரிப்ட் பாவிக்கறவங்க சில ஈமெயில் முகவரிய விட்டுடச் சொல்லி எழுதலாம். மத்தவங்களுக்கு நான் சொல்றது, சேர்கிட்ட முதல்லயே வாயால சொல்லிடுங்க, "வியாழக்கிழமை ஃபீல்ட்ல இருப்பேன் சேர், இன்வைட் போட்டா கெலண்டர் தானா திருப்பி அனுப்பும், கோவிச்சுக்காதீங்க"ன்னு. ஒரு தடவை சொல்லிட்டா அவரே வேற நாள் பாத்துப் போடுவாரு, பெரியவங்களுக்கு டிக்லைன விட முன்கூட்டி சொல்லாததுதான் கோவம்.

ஹோலும் ப்ரொஜெக்டரும்

ஆளுங்கள விட இந்த வசதி பொருளுக்குத்தான் நல்லா பொருந்தும், இத நிறைய ஒஃபிஸ் பாவிக்கறதே இல்ல. ஒரு ட்ரெயினிங் ஹோல், ஒரு வேன், ஒரு ப்ரொஜெக்டர், அத நாலு ப்ரொஜெக்ட்காரங்க அடிச்சுக்கறது எல்லா என்ஜிஓவுலயும் நடக்கறதுதான். ஒஃபிஸ் கூகுள் அக்கவுண்ட்ல ஹோலுக்குன்னு தனி கெலண்டர் ஒன்னு உருவாக்கி, ஸ்டாஃபோட ஷெயார் பண்ணி, அதோட செட்டிங்ஸ்ல "ஓட்டோ எக்செப்ட் இன்விடேஷன்ஸ்"ன்ற எடத்துல மோதாத இன்வைட்ட மட்டும் ஏத்துக்கன்னு தெரிவு செஞ்சிடுங்க. அப்புறம் யாரு மீட்டிங் போட்டாலும் ஹோலையும் ஒரு ஆள் மாதிரி இன்வைட் பண்ணணும், முதல்ல போட்டவருக்கு ஹோல், அப்புறம் போட்டவருக்கு டிக்லைன். அவுட்லுக் ஒஃபிஸ்ல ரூம் மெயில்பொக்ஸ்னு ஐடி ஆளு உருவாக்கிக் குடுப்பாரு, அதுவும் இதே வேலைதான். ஹோலுக்கு மூஞ்சி பாத்துப் பேசற பழக்கம் இல்லாததால சண்டையும் குறையும், நோட்டுப் புத்தகத்துல பென்சில்ல எழுதி அழிக்கற வேலையும் இல்ல.

ஒன் பண்ணினதுக்கு அப்புறம்

எது டிக்லைன் ஆச்சுன்னு உங்களுக்குத் தெரியணும். கூகுள் கெலண்டர்ல வலது பக்கம் மேல நாள், வாரம், மாசம்னு மாத்தற எடத்துல "ஷோ டிக்லைன்ட் ஈவென்ட்ஸ்"னு இருக்கும், அத டிக் பண்ணினா டிக்லைன் ஆனது குறுக்குக் கோடு போட்டு கெலண்டர்லயே நிக்கும். அவுட்லுக்ல டிக்லைன் ஆனது வழமையா கெலண்டர்ல இருந்தே காணாமப் போயிடும், புது அவுட்லுக்லயும் வெப்லயும் செட்டிங்ஸ்ல டிக்லைன் ஆனத சேவ் பண்ணி வைக்கற தெரிவு இருக்கு, அத ஒன் பண்ணிடுங்க. வெள்ளிக்கிழமை சாயந்தரம் ஒரு தடவை அந்தக் கோடு போட்டத எல்லாம் பாருங்க, அதுல உண்மையாவே போயிருக்க வேண்டியது ஏதாவது இருந்தா அவங்கள திங்கக்கிழமை வரைக்கும் காக்க வைக்காம அன்னைக்கே ஒரு கோல் எடுத்துடலாம்.

முதல் தடவை போடும்போது பக்கத்து மேசைல இருக்கவங்கள விட்டு ஒரு பொய் இன்வைட் அனுப்பச் சொல்லிப் பாருங்க. ஒன்னு சரியா மோதுற மாதிரி, ஒன்னு ஒட்டி வர்ற மாதிரி, ஒன்னு வாரா வாரம் வர்ற மாதிரி. அவங்க பக்கம் டிக்லைன் எப்பிடிப் போய்ச் சேருது, நீங்க எழுதின மெசேஜ் முழுசா தெரியுதா, தமிழ் எழுத்து பெட்டி பெட்டியா உடையாம வருதான்னு அவங்க ஸ்க்ரீன்லயே பாத்துட்டு, அப்புறம் அந்த மூனு இன்வைட்டையும் அழிச்சுடச் சொல்லுங்க.